கடையில வேலை பாக்குறவங்களை திட்டுறது, மிரட்டுறது, அடிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷம் கவுன்டர்ல நின்னிருக்கேன், இப்போ புதுசா சேர்றவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்குறேன். பில் போடுறது, ஸ்டாக் எடுக்கிறதெல்லாம் ரெண்டு வாரத்துல எல்லாரும் கத்துக்கிறாங்க. ஆனா முதல் தடவை ஒரு கஸ்டமர் மூஞ்சிக்கு நேரா வந்து கத்துன அன்னைக்கு சாயங்காலம் தனியா வந்து கேப்பாங்க பாருங்க சில கேள்விகள், அதுதான் கீழ இருக்கிறது எல்லாம். கடை நடத்துறவங்க கேட்ட சில கேள்வியும் சேத்திருக்கேன்.

சும்மா சத்தம் போட்டதையெல்லாம் வன்முறைன்னு சொல்லணுமா?

விலை தப்பா இருக்கு, பொருள் உடைஞ்சிருக்குன்னு ஒருத்தர் கோபமா பேசுறது புகார், அது அவரோட உரிமை, குரல் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. அதே ஆள் பொருளை விட்டுட்டு உங்களைப் பத்தி பேச ஆரம்பிச்சா, உங்க அம்மாவை இழுத்தா, உங்க நிறத்தை, சாதியை, மதத்தை, பேசுற பாஷையை சொல்லி திட்டினா, 'வெளிய வா பாத்துக்கிறேன்'னா, கையில இருக்கிறதை உங்க மேல விட்டெறிஞ்சா அது வேற கணக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019ல ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தாங்க, 190வது உடன்படிக்கை, 2021 ஜூன் 25ல இருந்து அமல்ல இருக்கு. அதுல வன்முறை, தொந்தரவுன்னா என்னன்னு சொல்லும்போது, ஒரே ஒரு தடவை நடந்தாலும் சரி திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி, உடம்பு, மனசு, பாலியல், பொருளாதாரம் எந்த வகையில பாதிச்சாலும் அதுக்குள்ள வரும், மிரட்டலும் வரும்னு தெளிவா வச்சிருக்காங்க. அதனால 'கை படலையே, அப்புறம் என்ன'ன்னு யாராவது கேட்டா அந்தப் பேச்சே தப்பு.

எந்த நேரத்துல, எதனால இது வெடிக்குது?

ரொம்ப பேர் 'கெட்டவன் வருவான், அடிப்பான்'னு நினைக்கிறாங்க. அப்படியும் வர்றாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பாத்ததுல பெரும்பாலும் ஒரு 'இல்லைங்க, முடியாதுங்க'க்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். பில் இல்லாம திருப்பி எடுக்க முடியாது, வயசு அடையாள அட்டை இல்லாம குடுக்க முடியாது, ஏற்கனவே போதையில இருக்கீங்க விக்க முடியாது, ஆஃபர் நேத்தோட முடிஞ்சு போச்சு, கார்டு ஏத்துக்கல, கடை மூடியாச்சு. அப்புறம் திருட்டைக் கண்டுபிடிக்கிற நேரம், அது தனி.

இந்த லிஸ்டை ஒரு நிமிஷம் பாருங்க. இதுல எந்த ரூலையும் கவுன்டர்ல நிக்கிற பிள்ளை போடல. மேல யாரோ ஏசி ரூம்ல உக்காந்து போட்ட ரூல், சிலது அரசாங்கம் போட்டது. ரூல் போட்டவர் வேற, அதுக்கு அடி வாங்குறவர் வேற. நான் இந்த பக்கத்துல என்ன சொன்னாலும் கடைசியா இங்கதான் வந்து நிப்பேன். ரூலை போட்டவங்க அதை வாசல்லயே எழுதி வைக்கலைன்னா, ஆள் போதாம ஒரே கவுன்டர்ல முப்பது பேர் வரிசை நிக்க வச்சா, அலமாரியில ஒரு விலை மெஷின்ல ஒரு விலைன்னு விட்டா, அங்க வர்ற சண்டை அந்த பில் போடுற பொண்ணோட ராசி இல்ல, அது முன்கூட்டியே தயார் பண்ணி வச்ச சண்டை.

'கஸ்டமர் சொல்றது எப்பவும் சரி'ன்னுதானே எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க?

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல சிகாகோ மார்ஷல் ஃபீல்ட், லண்டன் செல்ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய கடைகளோட பேர்ல பரவின வாசகம் அது. வித்தாச்சுன்னா முடிஞ்சுது, ஏமாந்தது உன் தலையெழுத்துன்னு வியாபாரம் நடந்த காலம். அப்போ ஒரு கடைக்காரர் 'உங்க புகாரை நாங்க நம்புறோம்'னு சொன்னது பெரிய விஷயம்தான், மதிக்கிறேன். ஆனா அது பொருளைப் பத்தின பேச்சு. ஊழியரை என்ன வேணா பேசலாம்ங்கிற லைசென்ஸா அது எப்போ மாறுச்சோ தெரியல, மாறிடுச்சு.

எனக்கு நடந்ததை சொல்றேன். வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம், ஒருத்தர் பில் இல்லாம ஒரு பொருளை கொண்டு வந்து பணம் கேட்டார். ரூல் பிரகாரம் முடியாதுன்னு சொன்னேன், பொறுமையாத்தான் சொன்னேன். பத்து நிமிஷம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார், வரிசையில நின்னவங்க எல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. மேனேஜர் உள்ள இருந்து வந்தார், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, 'சாரி சார், புதுப் பையன்'னு சொல்லிட்டு பணத்தை எடுத்து நீட்டிட்டார். அந்த ஆள் போகும்போது என்னைப் பாத்து சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த மாசம் அதே ஆள் வந்தார், இந்த தடவை வந்த உடனேயே கத்தல். ஏன்னா கத்தினா கிடைக்கும்னு நாங்களேதான் சொல்லிக் குடுத்திருக்கோம். பணம் திருப்பிக் குடுக்கிறதா இருந்தா முதல்லயே குடுத்திருக்கலாம், இல்ல என்கூட நின்னு இல்லைன்னு சொல்லியிருக்கலாம், ரெண்டும் இல்லாம என்னை நடுவுல மாட்டி விட்டதுதான் தப்பு.

மேனேஜரா இருக்கிறவங்க ரூலை தளர்த்தணும்னு நினைச்சா தாராளமா தளர்த்துங்க, ஆனா அந்த அதிகாரத்தை கவுன்டர்ல நிக்கிறவங்க கையில முன்னாடியே குடுத்திடுங்க. இல்லைன்னா 'எங்க ஊழியர் சொன்னது சரி, இந்த ஒரு தடவை நான் என் பொறுப்புல பண்றேன்'னு அவங்க காது கேக்க சொல்லுங்க. கத்தி முடிச்ச ஆளுக்கு சன்மானம் மாதிரி மட்டும் குடுக்காதீங்க.

ஒருத்தர் கத்த ஆரம்பிச்சிட்டார். அந்த நிமிஷம் நான் என்ன பண்றது?

முதல்ல தூரம். ரெண்டு கை நீட்டுற அளவு இடைவெளி வேணும், கவுன்டர் நடுவுல இருந்தா அப்படியே இருக்கட்டும், சுத்திக்கிட்டு வெளிய போய் நிக்காதீங்க. நேருக்கு நேர் நெஞ்சை நிமித்திட்டு நிக்காம லேசா பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க, கை ரெண்டும் தெரியுற மாதிரி இருக்கட்டும், விரலை நீட்டாதீங்க, கையைக் கட்டாதீங்க. உங்களுக்கு பின்னாடி வழி இருக்கான்னு பாத்துக்கோங்க.

அப்புறம் குரல். அவர் ஏத்தினா நீங்களும் ஏத்தக்கூடாது, ஆனா ரொம்ப மெதுவா முணுமுணுத்தாலும் 'என்ன கிண்டலா'ன்னு வரும். சாதாரணமா பேசுறதை விட கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் நிதானமா. முதல் ஒரு நிமிஷம் அவரை பேச விடுங்க, குறுக்க பேசாதீங்க, ஏன்னா அந்த நேரத்துல நீங்க சொல்ற எந்த விளக்கமும் அவர் காதுல ஏறாது. மூச்சு வாங்குற நேரம் பாத்து, 'மூணு தடவை நடந்திருக்கீங்க, கோபம் வரும்தான்'னு அவரோட பிரச்சனையை அவர்கிட்டயே ஒரு தடவை சொல்லுங்க. தப்பை ஒத்துக்கணும்னு இல்ல, கேட்டோம்னு காட்டினா போதும். அதுக்கப்புறம் உங்களால முடிஞ்ச ரெண்டு விஷயத்தை சொல்லுங்க, 'மாத்தித் தர்றேன், இல்லைன்னா மேனேஜர் நம்பர் தர்றேன், எது வேணும்?' ஒரே ஒரு 'முடியாது'ல சுவத்துல முட்டுன மாதிரி இருக்கும், ரெண்டு வழி இருந்தா எது வேணும்னு யோசிக்கவாவது செய்வார்.

இதெல்லாம் கோபத்துல இருக்கிற மனுஷனுக்குத்தான். தாடை இறுகி, முஷ்டி மடக்கி, மேலும் மேலும் கிட்ட வந்து, திடீர்னு பேச்சை நிறுத்திட்டு உங்களையே வெறிச்சுப் பாத்தா, இல்ல சுத்தி யார் இருக்காங்கன்னு நோட்டம் விட்டா அங்க பேச்சுவார்த்தை முடிஞ்சு போச்சு. கவுன்டரை விட்டுட்டு உள்ள போங்க, கதவை பூட்டுங்க, போலீசுக்கு போன் போடுங்க. கல்லாப்பெட்டியைப் பத்தி கவலைப்படாதீங்க. உடனடி ஆபத்துன்னு நியாயமா தோணுச்சுன்னா வேலையை விட்டு விலகிக்கிற உரிமை ஊழியருக்கு இருக்கணும், அதுக்காக பழிவாங்கக் கூடாதுன்னு நான் மேல சொன்ன 190வது உடன்படிக்கையிலயே எழுதியிருக்கு.

சொல்லவே கூடாத வார்த்தைகள் ஏதாவது இருக்கா?

'கோபப்படாதீங்க', 'கத்தாதீங்க', 'இது ரூல் சார்', 'வேணும்னா வேற கடைக்கு போங்க'. நாலுமே எரியுற நெருப்புல எண்ணெய். 'ரூல்'னு சொல்றதுக்கு பதிலா காரணத்தை சொல்லுங்க, 'பில் இல்லாம எடுத்தா கணக்குல என் பேர்ல விழும்ங்க' மாதிரி. சிரிக்கிறதும் வேண்டாம், பயத்துல தன்னால சிரிப்பு வரும் சில பேருக்கு, எதிர்ல இருக்கிறவருக்கு அது பயம்னு தெரியாது.

திருடிட்டு ஓடுறதைப் பாத்தா துரத்திப் பிடிக்கலாமா?

வேண்டாம். உறுதியா சொல்றேன், வேண்டாம். வழி மறிக்காதீங்க, பையைப் பிடிச்சு இழுக்காதீங்க, கடைக்கு வெளிய ரோட்டுக்கு துரத்திட்டு போகவே போகாதீங்க. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்ச மனுஷன் தப்பிக்கிறதுக்கு என்ன வேணா பண்ணுவான், அவன் பையில என்ன இருக்குன்னு உங்களுக்கு தெரியாது. ஆள் எப்படி இருந்தார், எந்தப் பக்கம் போனார், வண்டி நம்பர் என்ன, அதை மட்டும் கவனிச்சு உடனே எழுதி வைங்க.

கடை நடத்துறவங்களுக்கும் ஒண்ணு. 'துரத்தாதே'ன்னு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு, மாசக் கடைசியில காணாம போன சரக்கை ஊழியர் சம்பளத்துல பிடிச்சா, அந்த பேப்பருக்கு என்ன அர்த்தம்? அவங்க துரத்தத்தான் செய்வாங்க. இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே எத்தனையோ பேர் அடிபடாம வீடு போவாங்க.

கத்தியைக் காட்டி பணம் கேட்டா?

குடுத்திடுங்க. கையை மெதுவா அசைங்க, என்ன பண்ணப் போறீங்கன்னு சொல்லிட்டு செய்ங்க, 'கல்லாவை திறக்கப் போறேன்', 'கீழ குனியப் போறேன்'. வீரம் வேண்டாம், முகத்தையே உத்துப் பாக்க வேண்டாம், ரகசியமா அலாரம் பட்டன் அழுத்தினா அவங்க கண்ணுல படும்னா அதைக்கூட இப்ப அழுத்தாதீங்க, அவங்க போனப்புறம் அழுத்துங்க. போன உடனே கதவைப் பூட்டுங்க, அவங்க தொட்ட எதையும் தொடாதீங்க, அங்க இருந்தவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா பாத்ததை எழுதணும், ஒருத்தரை ஒருத்தர் கேட்டு எழுதினா ஞாபகம் கலந்துடும்.

திருப்பி அடிக்கலாமா?

உங்க மேல விழுற அடியைத் தடுக்கவும், பிடியில இருந்து தப்பிச்சு வெளிய வரவும் தேவையான அளவு பலம் பயன்படுத்துறதை பெரும்பாலான நாடுகளோட சட்டம் ஏத்துக்கும். ஆள் திரும்பி போயிட்டு இருக்கும்போது பின்னாடி போய் ஒண்ணு குடுத்தா அது தற்காப்பு இல்ல, கேஸ் உங்க மேல திரும்பும். கோபம் எனக்கும் வந்திருக்கு, கை ஓங்கற அளவுக்கு வந்திருக்கு, அந்த நேரத்துல என்னைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு போன சீனியர் அக்காவுக்கு இன்னைக்கும் நன்றி சொல்லுவேன்.

வயசு கேட்டாலே சண்டைக்கு வர்றாங்களே?

ஆமா, மதுவோ சிகரெட்டோ வயசு வரம்பு இருக்கிற எதை விக்கிற இடத்துலயும் இதே கதைதான், குடுத்தா சட்டத்துல மாட்டிக்கணும், குடுக்கலைன்னா அடி. ஸ்காட்லாந்துல இதை நல்லா புரிஞ்சுக்கிட்டு சட்டம் போட்டிருக்காங்க. 2021 ஜனவரியில அவங்க நாடாளுமன்றத்துல நிறைவேறி அதே வருஷம் ஆகஸ்ட் 24ல அமலுக்கு வந்துச்சு. சில்லறைக் கடை ஊழியரை தாக்கினாலோ மிரட்டினாலோ திட்டினாலோ தனிக் குற்றம், அதுலயும் அந்த ஊழியர் வயசு வரம்பு விதியை நிறைவேத்திட்டு இருந்த நேரத்துல பண்ணினா இன்னும் கடுமையா எடுத்துக்குவாங்க. சட்டம் நம்மகிட்ட ஒரு வேலையை ஒப்படைச்சா அந்த சட்டமே நமக்கு பாதுகாப்பும் குடுக்கணும், அதுதானே நியாயம்.

கடையில பண்ணக்கூடியது, வயசுல சந்தேகம் வர்ற அளவு இளமையா தெரியுற எல்லார்கிட்டயும் அடையாள அட்டை கேக்குறோம்னு வாசல்லயும் கவுன்டர்லயும் பெருசா எழுதி ஒட்டுறது. அப்போ அது உங்க தனிப்பட்ட சந்தேகம் இல்ல, போர்டைக் காட்டி 'எல்லாரையும் கேக்கணும்ங்க'ன்னு சொல்லிக்கலாம்.

ராத்திரி ஷிப்ட் தனியா நிக்கிறேன். என்ன கேக்கலாம்?

முதல்ல தனியா நிக்க வைக்காதீங்கன்னு கேளுங்க, குறிப்பா திறக்கிற நேரமும் மூடுற நேரமும். முடியவே முடியாதுன்னா மணிக்கு ஒரு தடவை யாராவது போன் பண்ணி கேக்கணும், எடுக்கலைன்னா அடுத்து யார் என்ன பண்ணணும்னு முடிவாகி இருக்கணும். பணத்தை அப்பப்போ எடுத்து நேரம் கழிச்சு மட்டும் திறக்கிற பெட்டகத்துல போட்டுடணும், கல்லாவுல கொஞ்சம்தான் இருக்குன்னு வாசல்ல எழுதி ஒட்டணும். வங்கிக்கு பணம் கொண்டு போறது தினமும் ஒரே நேரம் ஒரே வழியா இருக்கக்கூடாது. வேலை முடிஞ்சு நீங்க வீடு போற வழியும் இதுல சேர்த்திதான், 190வது உடன்படிக்கை வேலைக்குப் போய் வர்ற பயணத்தையும் கணக்குல எடுத்திருக்கு.

கடை அமைப்புல என்ன மாத்தினா பலன் இருக்கும்?

கண்ணாடி பூரா விளம்பரம் ஒட்டி மறைச்சிருப்பாங்க பாருங்க, அதை முதல்ல கிழிங்க. உள்ள நடக்கிறது ரோட்டுல போறவங்களுக்கு தெரியணும், வெளிய நிக்கிறது யாருன்னு உள்ள இருக்கிறவங்களுக்கு தெரியணும். கவுன்டர் கொஞ்சம் அகலமா, உள்பக்கம் கொஞ்சம் உயரமா இருந்தா எட்டிப் பிடிக்க முடியாது. கவுன்டருக்கு பின்னாடி உள் ரூமுக்கு ஒரு வழி, அந்த ரூமுக்கு உள்ள இருந்து தாழ்ப்பாள். உயரமான அலமாரியை நடுவுல வச்சு மறைவு உண்டாக்காதீங்க. பேனிக் பட்டன் வைங்க, ஆனா அதை அழுத்தினா யாருக்குப் போகும், வர எவ்வளவு நேரம் ஆகும்னு மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. ஒரு கடையில பட்டன் இருந்துச்சு, பேட்டரி செத்து எத்தனை மாசம் ஆச்சுன்னு யாருக்கும் தெரியல.

இன்னொண்ணு செலவே இல்லாதது, ஒரு ரகசிய வார்த்தை. 'அந்த பச்சை ஃபைலை கொண்டு வாங்க'ன்னு மைக்ல சொன்னா பக்கத்துல இருக்கிற எல்லாரும் கவுன்டர் பக்கம் வந்து சும்மா நிக்கணும். சண்டைக்கு இல்ல, நிக்கிறதுக்கு. நாலு பேர் நிக்கிறதைப் பாத்தாலே நிறைய பேர் குரலை இறக்கிடுவாங்க, இது நான் எத்தனையோ தடவை பாத்தது.

சிசிடிவி இருக்கு, அது போதாதா?

அது நடந்ததை காட்டும், நடக்கிறதை தடுக்குமான்னா எப்பவும் இல்ல. போதையில இருக்கிறவனும் கோபத்துல கண்ணு தெரியாதவனும் கேமராவை யோசிக்கிறதில்ல. அவங்க மூஞ்சி அவங்களுக்கே தெரியுற மாதிரி கவுன்டர்ல ஒரு சின்ன ஸ்கிரீன் வச்சா கொஞ்சம் உதவும். சட்டையில மாட்டுற கேமராவும் சில இடத்துல தர்றாங்க, ஆன் பண்ணப் போறேன்னு சொல்லிட்டு ஆன் பண்ணணும். முக்கியமா, பழைய பதிவு மேல புதுசு ஏறி அழிஞ்சு போயிடும். அதனால சம்பவம் நடந்த அன்னைக்கே தனியா காப்பி எடுத்து வைங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டு அழிஞ்சு போன கேஸ் நிறைய.

பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட வந்து தப்பா பேசுறாங்க, நம்பர் கேக்குறாங்க, பின்னாடியே வர்றாங்க. இதை யார்கிட்ட சொல்றது?

இதை 'கண்டுக்காம விடு'ன்னு சொல்ற சூப்பர்வைசர் எல்லாருக்கும் ஒரு வார்த்தை, தயவு செஞ்சு அப்படி சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து சொல்றதுக்கு முன்னாடி பத்து தடவை கண்டுக்காம விட்டிருப்பா. அந்த ஆள் வந்தா வேற ஆள் பில் போடணும், யாராவது பஸ் ஏத்தி விடணும், திரும்பத் திரும்ப வந்தா கடைக்குள்ள விடக்கூடாது, இதெல்லாம் மேனேஜரோட வேலை. பேர் போட்ட அட்டையில முழுப் பேர் வேண்டாம், அதை வச்சே சோஷியல் மீடியாவுல தேடி மெசேஜ் அனுப்புறாங்க.

இந்தியாவுல 2013ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கூட வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்னு பல பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்ல, வேலை இடத்துக்கு வர்ற வெளி ஆட்கள்கிட்ட இருந்தும் பாதுகாக்குறது முதலாளியோட கடமைன்னு 19வது பிரிவு சொல்லுது. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா உள் புகார் குழு இருக்கணும், அதுக்கு கீழன்னா மாவட்ட அளவுல உள்ளூர் குழுகிட்ட போகலாம். மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், தேதியை மறக்காதீங்க.

என்னை வீடியோ எடுத்து நெட்ல போட்டுட்டாங்க. என்ன செய்றது?

சண்டையோட கடைசி இருபது செகண்டை மட்டும் வெட்டிப் போடுவாங்க, அதுல நீங்க முகம் சுளிச்சது மட்டும்தான் தெரியும். கமெண்ட்ல போய் பதில் சொல்லாதீங்க. லிங்க், ஸ்கிரீன்ஷாட், தேதி எடுத்து வைங்க, அந்த ஆப்லயே ரிப்போர்ட் பண்ணுங்க, கடையோட முழு கேமரா பதிவை பத்திரப்படுத்தச் சொல்லுங்க. கடை நிர்வாகம் அவசரப்பட்டு 'அந்த ஊழியரை நீக்கிட்டோம்'னு பதிவு போடுறது ரொம்ப பெரிய அநியாயம், முழுசா பாக்காம அப்படி செய்யாதீங்க.

அடி விழுந்துடுச்சு. அடுத்த ஒரு மணி நேரம், அடுத்த நாள்?

டாக்டரைப் பாருங்க, சின்ன காயம்னு விடாதீங்க, தலையில பட்டிருந்தா கண்டிப்பா. காயத்தை போட்டோ எடுங்க, கிழிஞ்ச சட்டையை துவைக்காம எடுத்து வைங்க. அன்னைக்கே உங்க வார்த்தையில எழுதுங்க, அவர் சொன்ன கெட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்க, 'தகாத வார்த்தை பேசினார்'னு நாகரிகமா எழுதினா அதுல இருந்து எந்தக் குற்றமும் தெரியாது. பாத்த கஸ்டமர் யாராவது பேரும் நம்பரும் தர்றாங்களான்னு கேளுங்க.

மேனேஜருக்கு, அடிபட்ட ஊழியரை அன்னைக்கு திரும்ப கவுன்டர்ல நிக்க வைக்காதீங்க. முதல் கேள்வியா 'நீ என்ன சொன்ன அவர்கிட்ட?'ன்னு கேக்காதீங்க, அந்த ஒரு கேள்வி அடியை விட வலிக்கும். தண்ணி குடுங்க, வீட்டுக்கு போன் பண்ணிக் குடுங்க, கூட ஒருத்தரை அனுப்புங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்களும் கூடப் போங்க, அந்த நேரத்துக்கெல்லாம் சம்பளம் பிடிக்காதீங்க.

புகார் குடுத்து என்ன ஆகப்போகுது?

இந்தக் கேள்வியைக் கேக்குறவங்க மேல எனக்கு கோபம் இல்ல, அனுபவப்பட்டுத்தான் கேக்குறாங்க. ஆனாலும் எழுதி வைங்க, திட்டினதைக்கூட. ஒரு நோட்டு போதும், தேதி, நேரம், என்ன கேட்டப்போ ஆரம்பிச்சுது, எப்படி முடிஞ்சுது. மூணு மாசம் கழிச்சு புரட்டினா தெரியும், பாதிக்கு மேல ஒரே நேரத்துல, ஒரே காரணத்துக்காக நடந்திருக்கும், அப்போ அந்தக் காரணத்தை மாத்தலாம். கலிஃபோர்னியாவுல 2024 ஜூலையில இருந்து பெரும்பாலான வேலை இடங்கள்ல வன்முறை சம்பவங்களுக்கு பதிவேடு வச்சு அதை அஞ்சு வருஷம் பாதுகாக்கணும்னு சட்டமாவே இருக்கு.

எண்ணினாத்தான் அளவு தெரியும். பிரிட்டிஷ் சில்லறை வியாபாரக் கூட்டமைப்பு வருஷா வருஷம் கணக்கு எடுக்கிறாங்க, 2023-24ல ஒரு நாளைக்கு 2,000 சம்பவத்துக்கும் மேல, அதுக்கு முந்தின வருஷம் 1,300. அந்த 2,000ல சுமார் 70ல ஆயுதம் இருந்திருக்கு. இந்தக் கணக்கு இருந்ததாலதான் அங்க அரசியல்வாதிங்க காது குடுத்தாங்க. எழுதாத அடி யார் கணக்குலயும் வராது.

வேற எந்த நாட்டுல சட்டம் இருக்கு?

ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ்ல 2023ல, காயமே இல்லாம தாக்கினா கூட நாலு வருஷம் வரைக்கும், காயம்னா ஆறு வருஷம், பலத்த காயம்னா பதினோரு வருஷம் வரைக்கும் தண்டனைன்னு கொண்டுவந்தாங்க. நியூயார்க் மாநிலத்துல 2025 ஜூன்ல இருந்து பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற சில்லறைக் கடைகள் வன்முறை தடுப்புக் கொள்கை எழுதி பயிற்சியும் குடுக்கணும். டோக்கியோவுல 2025 ஏப்ரல்ல இருந்து கஸ்டமர் ஊழியரை துன்புறுத்தக் கூடாதுன்னு ஒரு விதி, அதுல தண்டனை இல்ல, ஆனா இது தப்புன்னு அரசாங்கமே எழுதி வச்சிருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது தென் கொரியாவோடது, 2018 அக்டோபர்ல வந்துச்சு. கஸ்டமர் கொடுமைப்படுத்தினா அந்த ஊழியருக்கு வேலையில இருந்து கொஞ்ச நேரம் விலக்கு, ஓய்வு, சிகிச்சை, கவுன்சிலிங், கேஸ் போட உதவின்னு எல்லாம் முதலாளி செய்யணும், கேட்டதுக்காக தண்டிக்கக் கூடாது. தண்டனை அடிச்சவனுக்கு நாளைக்கு கிடைக்கும், ஆனா இந்தச் சட்டம் அடிபட்டவங்களை இன்னைக்கே பாக்குது.

இந்தியாவுல கடை ஊழியருக்குன்னு தனிக் குற்றப்பிரிவு இல்ல, பொதுச் சட்டம்தான். 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்துல 115வது பிரிவு காயம் ஏற்படுத்துறது, 351 மிரட்டல், 79 பெண்ணோட மானத்தை அவமதிக்கிற பேச்சு, சைகை. ஸ்டேஷன் போறப்போ இந்த நம்பர் தெரிஞ்சிருந்தா பேசுறதுக்கு ஒரு தெம்பு வரும். அவசரம்னா 112.

சம்பவம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டா நெஞ்சு படபடங்குது. நான் பலவீனமான ஆளா?

இல்லவே இல்ல. உடம்பு ஆபத்தை ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான். தூக்கம் வராம இருக்கிறது, அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடுறது, சின்ன விஷயத்துக்கு வீட்டுல எரிஞ்சு விழுறது, அந்த இடத்தைத் தவிர்க்கிறது, எல்லாமே நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் சில வாரத்துல குறையும். ஒரு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தா மனநல டாக்டரைப் பாருங்க, கால் உடைஞ்சா போற மாதிரிதான் இதுவும். 'கடை வேலைன்னா அப்படித்தான்'னு சொல்றவங்க சொல்லட்டும். எத்தனையோ நல்ல பிள்ளைங்க யார்கிட்டயும் சொல்லாம ஒரு நாள் வராமலே நின்னு போயிட்டாங்க, ஏன் வரலைன்னு போன் பண்ணி கேக்கக்கூட நாங்க யாரும் பண்ணல, அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கு.

கஸ்டமர் இல்ல, எங்க மேனேஜரேதான் எல்லார் முன்னாடியும் திட்டுறார்.

அதுவும் இதே வகைதான், யார் பண்ணாலும். தேதி போட்டு எழுதி வைங்க, சாட்சி யார்னு எழுதுங்க, சங்கம் இருந்தா சேருங்க, இல்லைன்னா தொழிலாளர் துறைக்கு எழுதுங்க. தனியா போகாதீங்க, நாலு பேரா சேர்ந்து போங்க.

நான் கடை ஊழியர் இல்ல, வரிசையில நிக்கிற ஆள். எதிர்ல ஒருத்தர் பில் போடுற பொண்ணை கண்டபடி திட்டுறார். நான் என்ன பண்ணலாம்?

அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அது இன்னும் பெருசாகும். அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க, 'நாங்க இருக்கோம்மா, நாங்க வெயிட் பண்றோம், அவசரம் இல்ல'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. உள்ள போய் வேற ஊழியரை கூப்பிட்டு வாங்க. ஆயுதம் தெரிஞ்சா வெளிய போய் போலீசுக்கு போன் பண்ணுங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கிளம்பிடாம ரெண்டு நிமிஷம் நின்னு உங்க பேரும் நம்பரும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு, 'சாட்சி வேணும்னா கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போங்க.